அம்மணிக்கு வந்த சத்தம்

நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரிக்கவில்லை என்றால் என் பெயரையே விட்டுவிடுகிறேன் அண்ணா. சத்தியமாக. தரணிதரன் என்ற பெயரை இந்த ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டுவிடுகிறேன். அப்புறம் நீங்கள் என்ன சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பேன். ஆனால் இப்போதே சிரித்துவிடக் கூடாது. சிரிக்கிற இடம் காங்கேயம் தாண்டித்தான் வரும். நம் பஸ் இன்னும் உடுமலை பஸ் ஸ்டாண்டை விட்டே முழுதாக வெளியே வரவில்லை.

அண்ணா என்று கூப்பிடலாம் இல்லையா? உங்கள் மீசைக்கும் மடியில் இருக்கிற அந்த நீள நோட்டுக்கும் சார் என்றுதான் கூப்பிட வேண்டும். ஆனால் பன்னிரண்டு வருடம் சார் சார் என்று சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை எனக்குக் கசந்துவிட்டது. பரீட்சை முடிந்த அன்றே ஒரு முடிவு எடுத்தேன். இனி இந்த வாயால் யாரையும் சார் என்று கூப்பிடுவதில்லை. கலெக்டரே வந்தாலும் அண்ணாதான்.

நீங்கள் ரொம்பப் பேச மாட்டீர்கள் போல. நல்லதாகப் போயிற்று, இரண்டு பேர் பேச்சையும் நானே பேசிவிடுவேன். எங்கள் அப்பா முகம் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவார். பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் நிற்க, நேராக உங்களிடம் வந்து, "பையனக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்றாரே, வேறு எதனால்? நீங்களும், "இனி அது என் பொறுப்புங்க" என்றீர்கள். முன்பின் தெரியாத பையனுக்கு யார் அப்படிப் பொறுப்பு எடுத்துக்கொள்வார்கள்? எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

காலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், அந்த வாளி இடிக்கும். என்னுடையதுதான். சிவப்பு வாளி, மூடி போட்டது, உள்ளே ஒரு மக், சோப்பு டப்பா. இரண்டு நாள் அத்தை வீட்டுக்குப் போகிறவனுக்கு வாளி எதற்கு? நானும் கேட்டேன். "அத்தை வீட்டு வாளி ஓட்டைடா" என்றாள் அம்மா. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. நாத்தனார் வீட்டு வாளி ஓட்டையானதற்கு அழுகிற பெண்ணை நீங்கள் வேறு எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறீர்களா?

சரி, கதைக்கு வருகிறேன். சிரிப்பு இன்னும் வரவில்லை, பதற வேண்டாம்.

எங்கள் அப்பா குழந்தைவேல், உரக்கடை வைத்திருக்கிறார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். இளையவன் நான். மூத்தவள் ஒரு வெள்ளைக் கார். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், அப்படி ஒரு காரைச் செய்ததை அவர்களே மறந்திருப்பார்கள். அப்பா அவளுக்கு வைத்த பெயர் அம்மணி. காலையில் கடைக்குக் கிளம்பும்போது பானட்டைத் தட்டி, "அம்மணி, போலாமா கண்ணு?" என்பார். அதே ஆள் என்னைப் பார்த்தால், "ஏன்டா, தின்னாச்சில்ல, வழிய விட்டு நகரு." குரலைக் கவனித்தீர்களா? முதலில் பாகு, அப்புறம் பாறாங்கல். அப்படியே எங்கள் அப்பாதான் அது. இதுதான் அண்ணா என் திறமை. எந்தக் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், என் வாய்க்குள் வந்து குடியேறிவிடும். எங்கள் வார்டு கவுன்சிலர், ரயில் அறிவிக்கிற அக்கா, பழுதான மிக்சி, முட்டையிட்ட கோழி, முட்டையிடாத கோழி, எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள்.

வருகிற செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவில் நோம்பி. கோயில் திருவிழா மேடையில் மெல்லிசைக் குழு. இரண்டு பாட்டுக்கு நடுவில் பத்து நிமிடம் மிமிக்ரி. யார் தெரியுமா? நானேதான். நோட்டீசில் பெயர் போட்டாயிற்று. மைக் பிடிக்கப்போவது இதுதான் முதல் தடவை. அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் நான் இத்தனை கூத்தும் ஆடினேன்.

ஏனென்றால் அப்பா என்னை ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார். டாக்டர் பரீட்சைக்காக ஒரு வருடம் உள்ளே போட்டுப் பூட்டிப் படிக்க வைக்கிற பள்ளிக்கூடம். திருச்செங்கோட்டிலிருந்து எட்டுக் கிலோமீட்டர். பெயர் வேண்டாம், வாயைக் கழுவ வேண்டிவரும். போன வருடம் அங்கே இருந்துவிட்டு வந்த மதன்குமார் கதை கதையாகச் சொன்னான். காலை நாலரைக்கு விசில். போன் கிடையாது. சாப்பிடும்போது பேசக் கூடாது, நடக்கும்போது பேசக் கூடாது, வரிசையில் பேசக் கூடாது. மீன் கடையில் பூனையைக் கட்டிப்போடுகிற மாதிரி என்னை அங்கே விட்டால் என்ன ஆவேன்? பெயர்கூடக் கிடையாதாம், நம்பர்தானாம். இதையெல்லாம்விட ஒரு வார்டன் இருக்கிறாராம். சேர வேண்டிய கடைசி நாளில் வராமல் டிமிக்கி கொடுக்கிற பையன்களை வீடு தேடிப் போய் அள்ளிக்கொண்டு வருவாராம். மனிதர் சிரிக்கவே மாட்டாராம். எதைச் சொன்னாலும் பதில் ஒரே வார்த்தை. "சார், காய்ச்சல் அடிக்குதுங்க சார்." "நல்லது." "சார், தோசைல பல்லி சார்." "நல்லது."

அவரை நான் பார்த்ததில்லை. ஆனால் மதன் செய்து காட்டியதை வைத்தே குரலைப் பிடித்துவிட்டேன். கேளுங்கள். "நூத்திப் பன்னெண்டு, எந்திரி. நல்லது." எப்படி? வாய் அதிகம் திறக்கக் கூடாது. நெஞ்சுக்குள்ளிருந்து, தண்ணீர்த் தொட்டிக்குள் தேங்காய் விழுகிற மாதிரி வர வேண்டும்.

என்ன சொன்னீர்கள்? நல்லதா? அட, பரவாயில்லையே! ஒரே தடவையில் முக்கால்வாசி பிடித்துவிட்டீர்கள். இன்னும் கொஞ்சம் கட்டையாகச் சொன்னால் சரியாக வரும். ஈரோடு போவதற்குள் நான் பழக்கிவிடுகிறேன்.

அந்தச் சேருகிற கடைசி நாள்தான் இன்று. மாலை ஐந்து மணிக்குள் கேட்டைத் தாண்டாவிட்டால் இடம் வேறு பையனுக்குப் போய்விடும். போன மாதம் அழுது பார்த்தேன், பட்டினி கிடந்து பார்த்தேன். அப்பா அசையவில்லை. ஆனால் அவர் வாயாலேயே ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். "பஸ்சுல கொண்டுபோயி உட்டா அங்க நம்மள எவன் மதிப்பான்? அம்மணில போயி கம்பீரமா எறங்கோணும்" என்றார். அன்றைக்குத்தான் புரிந்தது. என்னைக் காப்பாற்ற இந்த உலகத்தில் ஒரே ஆள்தான். அம்மணி. அவள் ஒரு பத்து நாள் படுத்துக்கொண்டால் போதும்.

டயரில் காற்றைப் பிடுங்கலாம், பத்து நிமிடத்தில் அடைத்துவிடுவார்கள். ஏதாவது வயரைப் பிடுங்கலாம், ஆனால் எனக்குப் பாவம் பார்க்கிற மனசு. எனக்குத் தெரிந்தது சத்தம் ஒன்றுதான்.

செய்முறை சொல்கிறேன். உதடு மூடியிருக்க வேண்டும். நாக்கின் அடிப்பகுதியை அண்ணத்தோடு ஒட்டவைத்து, மூச்சை மூக்கு வழியே நூல் மாதிரி விட வேண்டும். ங்ங்ஈஈஈஈ... பாருங்கள், முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்க்கிறார்கள். டிரைவரும் கண்ணாடியில் பார்க்கிறார். முகம் மட்டும் ஜன்னல் பக்கம் அப்பாவியாக இருக்க வேண்டும். அப்பா ஆக்சிலேட்டரை மிதித்தால் சுருதி ஏற வேண்டும், விட்டால் இறங்க வேண்டும். கியர் மாற்றும்போது நாம் மூச்சு எடுத்துக்கொள்ளலாம். இதை ஒரு வாரம் மொட்டை மாடியில் சாதகம் செய்தேன் அண்ணா. டாக்டர் பரீட்சைக்கு இதில் பாதி உழைத்திருந்தால் இந்நேரம் ஆபரேஷன் செய்துகொண்டிருப்பேன்.

திங்கட்கிழமை காலை அப்பாவோடு முன்சீட்டில் ஏறினேன். நாலாவது தெருவில் தொடங்கினேன். அப்பா காரை ஓரம் கட்டினார். நிறுத்தியதும் நானும் நிறுத்தினேன். கிளப்பினார், நானும் கிளப்பினேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அம்மணி, என்னாச்சு கண்ணு? எங்க வலிக்குது?" எனக்கு டைபாய்டு வந்தபோது, "படுத்தே கெடக்காத, கடைக்கு வந்து உக்காரு" என்றவர் அவர்.

என்ன, தாராபுரம் வந்துவிட்டதா? ஏன் கண்டக்டர் விசில் அடித்ததும் நெஞ்சில் கை வைத்தீர்கள்? வலிக்கிறதா? ஓ, கழுத்தில் கறுப்புக் கயிறு போட்டிருக்கிறீர்களா. தாயத்தாக இருக்கும். தொட்டுக் கும்பிட்டுக்கொள்ளுங்கள், நல்லதுதான்.

செவ்வாய்க்கிழமை அம்மணியைத் தேவசகாயம் அண்ணன் ஒர்க் ஷாப்புக்குக் கொண்டு போனோம். பழநி ரோட்டில் புளியமரத்தடி. அவர் ஒரு வண்டியை எடுத்தால் பத்து நாள், பன்னிரண்டு நாள். அவர் ஊரறிந்த தாமதக்காரர் என்பதால்தான் என் திட்டமே. பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டார்கள். நான் டார்ச் பிடிக்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஆரம்பித்தேன்.

பானட்டைத் திறந்து வைத்தால் எங்கள் ஊரில் கூட்டம் கூடாமல் இருக்குமா? பேங்கில் ரிட்டயர்டான நஞ்சப்பன் மாமா வந்தார். காதைக் கிட்டே வைத்து, "சந்தேகமே இல்ல, ஆல்டர்னேட்டர்" என்றார். டயர் கடைக்காரர் வந்தார். "வீல் பேரிங்குங்க. நான் எத்தன பாத்திருக்கறேன்." வண்டி அசையாமல் நிற்கிறது அண்ணா, வீல் சுற்றவே இல்லை! ஆனால் ஒருவரும் மறுக்கவில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் தங்கள் முறை வர வேண்டும். அப்பா, "ஏசியா இருக்குமோ?" என்றார். ஏசி செத்து ஆறு வருடம் ஆகிறது. நானும் யார் மனதையும் நோகடிக்கவில்லை. ஆல்டர்னேட்டர் என்று சொன்னவருக்கு மெலிதாக, பேரிங் என்றவருக்குக் கொரகொரவென்று. ஒவ்வொருவரும் மற்றவர்களை, "சொன்னனில்ல?" என்கிற மாதிரி பார்த்தார்கள்.

தேவசகாயம் அண்ணன் மட்டும் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். டாக்டர் குழாய் வைத்துப் பார்க்கிற மாதிரி. இங்கே வைத்தார், அங்கே வைத்தார். அப்புறம் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தம்பி, ரொம்ப நேரமா நிக்கிற. ஒரு டீ குடி சாமி" என்றார். எவ்வளவு பாசம் பாருங்கள். டீ வந்தது, குடித்தேன். குடிக்கும்போது எப்படிச் சத்தம் போடுவது, அம்மணி கொஞ்சம் ஓய்வெடுத்தாள். டம்ளரை வைத்ததும் மறுபடி ஆரம்பித்தேன். "இன்னொரு டீ குடி சாமி" என்றார். அன்றைக்கு நாலு டீ வாங்கிக் கொடுத்தார் அந்த மனிதர். சொந்தக்காரன்கூடச் செய்ய மாட்டான்.

கடைசியில் அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டு, "சத்தம் கெடக்கட்டும் மொதலாளி, இதுல டைமிங் பெல்ட்டு எப்ப மாத்துனது?" என்றார். அப்பா மேலே பார்த்தார், கீழே பார்த்தார். நான் பிறப்பதற்கு முன்பு என்பது மட்டும் உறுதியாயிற்று.

டைமிங் பெல்ட் என்றால் என்ன தெரியுமா? புதன்கிழமை என்னையும் நிற்க வைத்து தேவசகாயம் அண்ணன் விளக்கினார். அவர் குரலிலேயே சொல்கிறேன். "பாரு தம்பி, கீழ பிஸ்டன் மேலயும் கீழயும் குதிச்சுக்கிட்டே இருக்கான். மேல வால்வு கதவு மாதரி, தொறந்து தொறந்து மூடுது. இவன் தலையத் தூக்கறப்ப கதவு மூடியிருக்கோணும். யாரு எப்பன்னு ரெண்டு பேருக்கும் தாளம் போட்டுச் சொல்றது இந்தப் பல்லு வெச்ச பட்டைதான். இது அறுந்துச்சுன்னா, ஓடற வேகத்துல இவன் தலையில அது இடிச்சு, வால்வெல்லாம் வளைஞ்சு, எஞ்சினு சோலி முடிஞ்சுது. எந்தச் சத்தமும் போடாது தம்பி. சத்தம் போடாம இருக்கறவந்தான் ஆபத்து. சத்தம் போடறவன் வெறும் பய." இதைச் சொல்லும்போது என் தோளில் கை வைத்திருந்தார்.

கவரைக் கழற்றினார். அண்ணா, என்ன சொல்ல! பெல்ட் முழுக்க வெடிப்பு, கரும்புச் சக்கை மாதிரி. இரண்டு பல் காணோம். அதற்குப் பின்னால் வாட்டர் பம்ப். எஞ்சினுக்குத் தண்ணீர் சுற்றவிடுகிற பம்ப், அதையும் இந்தப் பெல்ட்தான் சுற்றுகிறது. அதன் ஓரத்தில் பச்சைக் கலர் கூலன்ட் தண்ணீர் கசிந்து காய்ந்து உப்புப் பூத்திருந்தது. அம்மணிக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லை! என் வாயின் சக்தியைப் பார்த்தீர்களா? நான் சத்தம் போட்டேன், எஞ்சின் அதற்குக் கட்டுப்பட்டுவிட்டது. இப்படி ஒரு மிமிக்ரி கலைஞனை நீங்கள் கேள்விப்பட்டிருக்கவே முடியாது.

தேவசகாயம் அண்ணன் அந்தப் பெல்ட்டை அப்பா கையில் கொடுத்தார். எதை மாற்றினாலும் பழைய சாமானை முதலாளி கையில் கொடுத்துவிடுவார், அது அவர் வழக்கம். "நல்லவேள மொதலாளி. இதோட திருச்செங்கோடு கெளம்பியிருந்தீங்கன்னா காங்கேயம் தாண்டியிருக்க மாட்டீங்க. நடுரோட்டுல நின்னுருக்கும், ஒரு மாசத்துக்கு எந்திரிச்சிருக்காது" என்றார். அப்பா பெல்ட்டைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். அவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பம்ப்பையும் சேத்தே மாத்திரலாங்க. இவ்வளவு பிரிச்சாச்சு. நாளைக்கு இது மட்டும் போச்சுன்னா மறுபடி மொதல்ல இருந்து பிரிக்கோணும்." சாமானுக்குக் கோயமுத்தூருக்குச் சொல்லியாயிற்று. எனக்கு ஒரே குஷி. ஆனாலும் காரியத்தில் கண்ணாக இருக்க வேண்டும் இல்லையா? வியாழக்கிழமை காலை தேவசகாயம் அண்ணனுக்குப் போன் போட்டேன். என் குரலில் இல்லை. அப்பா குரலில். "தேவா, குழந்தவேல் பேசறன். அவசரமே இல்ல. பதனமா பாரு. பத்து நாள் ஆனாலும் ஆகட்டும்." அந்தப் பக்கம் ஸ்பேனர் ஒன்று கீழே விழுந்த சத்தம். அப்புறம், "அப்புடிங்களா மொதலாளி? நீங்களே சொன்னா சரிதானுங்க" என்றார். பக்கத்தில் யாரோ இருமினார்கள். அச்சாக எங்கள் அப்பாவின் இருமல். ஆச்சரியமாக இருந்தது. இந்த உரம், தூசி, புகை எல்லாம் சேர்ந்து எங்கள் ஊரில் எல்லாருக்கும் ஒரே இருமல் வந்துவிட்டது. மதியம் அப்பா சாப்பிட வந்தபோது கையெல்லாம் கிரீஸ். உரக்கடையில் கிரீஸ் எப்படி என்று கேட்டேன். "தராசுக்குப் போட்டன்" என்றார்.

ஆனால் பாருங்கள், அந்தப் போனுக்கு அப்புறம் தேவசகாயம் அண்ணனுக்கு என்ன பிடித்ததோ, பேய் பிடித்த மாதிரி வேலை பார்த்தார். பன்னிரண்டு நாள்காரர் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டார்! நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். மேல் சக்கரத்திலும் கீழ்ச் சக்கரத்திலும் அவர் மகளுடைய நகப்பூச்சால் ரோஸ் கலரில் புள்ளி வைத்தார். புதுப் பம்ப்பைப் பூட்டினார். புள்ளிக்குப் புள்ளி சேர்த்துப் புதுப் பெல்ட்டை மாட்டினார். ஸ்பேனர் போட்டு எஞ்சினைக் கையாலேயே மெதுவாக இரண்டு சுற்று சுற்றினார். எங்கேயாவது இடித்தால் கையிலேயே தெரிந்துவிடுமாம், அதற்கு முன்னால் சாவி போடவே கூடாதாம். கூலன்ட் தண்ணீர் ஊற்றினார். சிலுவை போட்டுக்கொண்டார். அப்பா திருப்திக்கு டயருக்கடியில் எலுமிச்சம்பழமும் வைத்தார். சாவியைத் திருப்பினார். அண்ணா, அவள் ஓடியது தெரியவே இல்லை. தூங்குகிற குழந்தை மாதிரி.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான். என்ன செய்வான் இந்தத் தரணி? சனிக்கிழமை காலை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். அப்பா ஓட்டினார், நான் முன்சீட்டில், தேவசகாயம் அண்ணன் பின்சீட்டில். என் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தார். பாவம், வேலை செய்த களைப்பு.

காங்கேயம் தாண்டிவிட்டதா? ரொம்ப நேரம் ஆயிற்றா? பேச்சு வாக்கில் கவனிக்கவே இல்லை. சரி, சிரிக்கிற இடம் பக்கத்தில் வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம்தான். இந்தச் சட்டைக் காலர் வேறு கழுத்தை உறுத்துகிறது. அம்மா இரண்டு நாளாகச் சிவப்பு நூலை வைத்துக்கொண்டு என் எல்லாச் சட்டையிலும் என்னவோ தைத்துக்கொண்டிருந்தாள். "கிழிசல்டா" என்றாள். புதுச் சட்டை அண்ணா இது!

எங்கே விட்டேன்? ஆமாம், ரயில்வே மேம்பாலம். ஏறும்போதே ஆரம்பித்துவிட்டேன். ங்ங்ஈஈஈ. அப்பா மிதித்துக்கொண்டே போனார். அப்பாவுக்கு ஒரு பழக்கம். மேம்பாலத்தின் உச்சிக்குப் போனதும் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுவார். இறக்கம் முழுக்க வண்டி சும்மாவே உருளும், பெட்ரோல் மிச்சம். இருபது வருடப் பழக்கம். அன்றைக்கும் அணைத்தார். ஒரே அமைதி. காற்று மட்டும்தான். அந்த அமைதியில் என் சத்தம் எவ்வளவு சுத்தமாகக் கேட்டது தெரியுமா! எஞ்சின் இரைச்சல் குறுக்கே இல்லை, ஒவ்வொரு நெளிவும் தனித்தனியாகக் கேட்கிறது. என் வாழ்நாளிலேயே நான் செய்த சிறந்த மிமிக்ரி அதுதான் அண்ணா. இறக்கம் முடிகிறவரை ஒரே மூச்சு! அப்பா கண்ணாடியில் தேவசகாயம் அண்ணனைப் பார்த்தார். அவர் அப்பாவைப் பார்த்தார். "மொதலாளி, பெல்ட்டும் புதுசு, பம்ப்பும் புதுசு. கோளாறு வேற சாமான்லதானுங்க" என்றார். "ஆமா தேவா. இந்தச் சாமான வேற எடத்துல குடுத்துத்தான் சரி பண்ணோணும்" என்றார் அப்பா. வேறு மெக்கானிக்கைத் தேடப் போகிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும், "இனி நீ அம்மணில ஏற வேண்டாம்டா. அவளுக்கும் உனக்கும் ஆகல" என்றார். யாருக்கோ ரொம்ப நேரம் போன் பேசினார். அப்புறம் என் கிட்டே வந்து உட்கார்ந்து, அப்படி ஒரு சிரிப்போடு, "அந்தப் பள்ளிக்கூடம் கெடக்குது உடு. நாளைக்கு பஸ்சுல அத்த ஊட்டுக்குப் போயிட்டு வா" என்றார். சாயங்காலம் கோழிக்குழம்பு. கால் துண்டு எனக்கு! ஜெயித்துவிட்டேன் அண்ணா. அத்தை வீடும் திருச்செங்கோடுதான், ஈரோட்டில் இறங்கி பஸ் மாற வேண்டும். சரியாக ஐந்து மணிக்கு ஒரு ஆட்டோ பிடித்து அந்த ஜெயில் கேட்டுக்கு முன்னால் போய் நின்று, உள்ளே இருக்கிறவர்களுக்குக் கையை ஆட்டிவிட்டு, அந்த வார்டன் குரலில், "நல்லது" என்று...

ஆ! சிரித்துவிட்டீர்கள்! என் பெயர் பிழைத்தது! என்ன சிரிப்பு அண்ணா இது, பஸ்சே குலுங்குகிறது. ஆனால் இருங்கள், கேட்டுக்கு முன்னால் கை ஆட்டுகிற இடத்தில்தான் சிரிக்க வேண்டும். நான் அங்கே வரவே இல்லையே. நீங்கள் முன்பிருந்தே குலுங்கிக்கொண்டுதானே இருந்தீர்கள்? எங்கே தொடங்கினீர்கள்?

மேம்பாலத்திலா? மேம்பாலத்தில் சிரிக்க என்ன இருக்கிறது? அப்பா எஞ்சினை அணைத்தார், வண்டி உருண்டது, பம்ப் சத்தம் மட்டும்...

எஞ்சினை அணைத்தார்.

எஞ்சின் நின்றால் பெல்ட் நிற்கும். பெல்ட் நின்றால் பம்ப்...

அண்ணா, ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். வேர்க்கிறது. இல்லை, ஒன்றும் இல்லை. அந்த டீ. நாலு டீ. அந்த இருமல்... ஐயோ, உலகத்திலேயே ஒருவருக்குத்தான் அந்த இருமல், அதை நானே எத்தனை தடவை செய்திருக்கிறேன்! அப்படியென்றால், நான் வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அந்தப் பழைய பெல்ட் இன்று காங்கேயத்தில் தானாகவே... ஒரு மாதம்... செவ்வாய்க்கிழமை நான் மேடையில்...

அந்த நோட்டை ஏன் திறக்கிறீர்கள்?

அந்தக் கயிற்றில் தாயத்து இல்லையா? அது விசிலா?

கொஞ்சம் பொறுங்கள். காலரைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன். சிவப்பு நூல். ஒன்று. நாலு. ஏழு. எங்கள் அம்மா கைத்தையல் எப்போதுமே அழகுதான்.

"நூத்தி நாப்பத்தேழு, ஈரோடு வந்தாச்சு. வாளிய எடு."

எடுக்கிறேன், சார்.